‘சிக்னல் இருக்கு’ என்றால், எத்தனை சதவீதம் இருக்கு?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போகும்போது, கோவளத்தைத் தாண்டியதும் வருகிறது திருவிடந்தை. கல்யாணம் கைகூட வேண்டி நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மாலையோடு வருபவர்களுக்கு இந்த ஊர் நன்றாகத் தெரியும். 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்த இடம் என்றால் மற்றவர்களுக்கும் ஞாபகம் வரும். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் கடல், நடுவில் சவுக்குத் தோப்பு, பனை, ரிசார்ட் சுவர்கள். இதுபோன்ற கடலோர ஊர்களில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: “ஹலோ... கேக்குதா? இரு, வெளிய வந்து பேசறேன்.”

செல்போன் நிறுவனங்களின் வரைபடத்தில் ஒரு பகுதி முழுக்க ஒரே வண்ணத்தில் இருக்கும்: ‘சேவை உண்டு’. போனிலும் மூன்று கோடு தெரியும். ஆனால் பேச்சு மட்டும் விட்டுவிட்டு வரும். அப்படியானால் பொய் சொல்வது யார்?

முழுப் பொய்யை யாரும் சொல்லவில்லை. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டே பதில்களில் அடங்காத ஒன்றை அப்படி அடக்கிச் சொல்வதுதான் சிக்கல். சிக்னல் என்பது மழை வாய்ப்பு மாதிரி. ‘இந்த இடத்தில் இத்தனை சதவீதம் கிடைக்கும்’ என்றுதான் அதைச் சரியாகச் சொல்ல முடியும். டவர் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் பொறியாளர்கள் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். மாதாமாதம் ரீசார்ஜ் செய்பவருக்கு மட்டும் அந்தச் சதவீதம் ஏன் சொல்லப்படுவதில்லை?

ஒரு ஜாண் நகர்ந்தால் போதும்

டவரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை ஒரே கோடாக வந்து போனைத் தொடுவதில்லை. சுவரில், பஸ்ஸில், மரத்தில், தரையில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேர்கிறது. ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு நீளம். அதனால் ஒரு அலை ஏற்றத்தில் இருக்கும்போது இன்னொன்று இறக்கத்தில் இருக்கும்.

தேர் வடத்தை நினைத்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுத்தால் தேர் நகரும். ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். அலைகளும் இப்படித்தான் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன, பக்கத்து இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. அதில் பாதி தூரம், அதாவது ஒரு ஜாணுக்கும் குறைவாகப் போன் நகர்ந்தாலே நிலவரம் தலைகீழாகலாம். 1800 மெகாஹெர்ட்ஸில் 8 செ.மீ. போதும். பேசிக்கொண்டே நாலு எட்டு நடப்பவர்கள் தெரியாமலேயே செய்வது இந்தப் பரிசோதனையைத்தான். இப்படிச் சிக்னல் ஏறி இறங்குவதற்கு ‘ஃபேடிங்’ என்று பெயர். தமிழில் மங்கல் எனலாம்.

பெற்றோர் தலைமுறைக்கு இது புதிதல்ல. சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு, பாட்டு நடுவில் தேய்ந்து, காணாமல் போய், மறுபடி எழுந்து வந்தது நினைவிருக்கும். அங்கே அலைகள் தெறித்து வந்தது வானத்து அயனி மண்டலத்திலிருந்து. இங்கே சுவர்களிலிருந்தும் மரங்களிலிருந்தும். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

ரேடியோவுக்கு முன்பே வந்த கணக்கு

அந்தக் கணக்கை 1880-ல் போட்டவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலே பிரபு. 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் யோசித்தது ஒலியைப் பற்றி. ஒரே சுருதியில் ஆனால் தாறுமாறான நேரத்தில் ஏராளமான அதிர்வுகள் ஒன்றுசேர்ந்தால் மொத்த வலிமை எவ்வளவு இருக்கும் என்பது கேள்வி. ரேடியோ அலைகளை ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டியதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

ஒரு குறிப்பிட்ட நொடியில் சிக்னல் எவ்வளவு இருக்கும் என்று ரேலேயின் கணக்கு சொல்லாது. ஒரு அளவுக்குக் கீழே விழ எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதைச் சொல்லும். டவரை நேராகப் பார்க்க முடியாத இடத்தில், சிக்னலின் சக்தி சராசரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழ வாய்ப்பு சுமார் 10 சதவீதம். நூறில் ஒரு பங்குக்குக் கீழே விழ 1 சதவீதம்.

கேட்க அற்பமாகத் தெரியலாம். இசிஆரில் 80 கி.மீ. வேகத்தில் போகும் காரில் 1800 மெகாஹெர்ட்ஸில் பேசினால், இந்தக் கணக்குப்படி சிக்னல் சராசரியின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழுவது வினாடிக்கு 95 முறை! ஒவ்வொரு விழுதலும் சுமார் ஒரு மில்லி வினாடி.

அப்புறம் எப்படிப் பேச முடிகிறது? போனுக்குள் இருக்கும் ஏற்பாடுகளால்தான். ஒரு ஆண்டெனாவில் அலை விழும்போது இன்னொன்றில் எழுந்திருக்கலாம். இரண்டும் தனித்தனியாக 1 சதவீதம் தவறினால், ஒரே சமயத்தில் இரண்டும் தவற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. தவறிய துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்குவது, பிழைகளைத் தானே திருத்திக்கொள்வது எல்லாம் இதோடு சேரும். இந்தச் சின்ன மங்கலைத் தொழில்நுட்பம் ஓரளவு ஜெயித்துவிட்டது என்றே சொல்லலாம். மிச்சமிருப்பது பெரிய மங்கல்.

தோப்பின் நிழலில்

டவருக்கும் போனுக்கும் நடுவே கட்டடமோ அடர்ந்த தோப்போ வந்தால், வெயிலுக்கு நிழல் விழுவதுபோல் சிக்னலுக்கும் நிழல் விழும். ஒரு ஜாண் நகர்ந்து இதிலிருந்து தப்பிக்க முடியாது. “மழை வந்தா சிக்னல் போயிடும்” என்று பலர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மழைத்துளிகள் பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த இலைகள் தடுக்கும். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் மொத்தமாகவே போய்விடும்.

ஒரே தூரத்தில் இருக்கும் நூறு இடங்களில் அளந்தால் நூறு விதமான அளவு வரும். இந்த ஏற்றத்தாழ்வைப் பொறியாளர்கள் டெசிபலில் அளக்கிறார்கள். 10 டெசிபல் குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். நிழலால் வரும் திட்ட விலக்கத்தை வழக்கமாக 8 டெசிபல் அளவில் வைத்துக் கணக்கிடுவார்கள்.

இதில்தான் பணம் நுழைகிறது. ஒரு டவரின் எல்லையில், தேவையான அளவு சிக்னல் ‘சராசரியாக’க் கிடைக்கும்படி திட்டமிட்டால், அந்த எல்லையில் பாதி இடங்களுக்குத்தான் சேவை கிடைக்கும். 90 சதவீத இடங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் 10 மடங்கு சக்தி வேண்டும். 99 சதவீதத்துக்குச் சுமார் 70 மடங்கு! சக்தியை அப்படி ஏற்ற முடியாது. டவர்களைத்தான் நெருக்கி வைக்க வேண்டும். வழக்கமான சூத்திரப்படி 90 சதவீதத்துக்குச் சுமார் 4 மடங்கு டவர்கள், 99 சதவீதத்துக்கு 11 மடங்குக்கும் மேல்.

ஆக, ‘எத்தனை சதவீதம்’ என்பது வெறும் கணக்குப் பாடம் அல்ல. அது ஒரு நிறுவனம் எடுக்கும் வணிக முடிவு. அண்ணா நகரில் எவ்வளவு, திருவிடந்தையில் எவ்வளவு என்று யாரோ ஒருவர் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார்.

கடலுக்குள் வேறு கணக்கு

கரையிலிருந்து ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு நிலவரம் வேறு. கடலில் சுவர் இல்லை, மரம் இல்லை. நேராக வரும் அலை ஒன்று, நீர்ப்பரப்பில் பட்டு வரும் அலை ஒன்று. குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதன் பிறகு தூரம் இரட்டிப்பானால் சக்தி பதினாறில் ஒன்றாகிவிடும். 5 கி.மீ.யில் நன்றாகக் கேட்டது 10 கி.மீ.யில் ஏன் திடீரென்று காணாமல் போகிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளில் அரசுகள் அக்கறை காட்டின. இதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘இங்கே சிக்னல் கிடைக்காது’ என்று உறுதியாகத் தெரிந்தால் மனிதர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள். ஆபத்து இருப்பது ‘கிடைக்கும்னு நினைச்சேன்’ என்ற இடத்தில்தான்.

டோக்கியோவின் அளவு, நம்ம ஊர் கிராமம்

டவர் திட்டமிடலில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சூத்திரம், ஒகுமுரா என்ற ஜப்பானியப் பொறியாளரின் குழு டோக்கியோவிலும் சுற்றுப்புறத்திலும் அளந்து 1968-ல் வெளியிட்ட வரைபடங்களிலிருந்து வந்தது. அவற்றை 1980-ல் ஹட்டா சமன்பாடாக்கினார். மிகச் சிறந்த வேலை அது. ஆனாலும் டோக்கியோவின் தெருக்கள் வேறு, செங்கல்பட்டு மாவட்டத்துச் சவுக்குத் தோப்பு வேறு. உள்ளூரில் அளந்து திருத்தாவிட்டால் சூத்திரம் தவறும்.

உள்ளூர் அளவுகோலை உலக மேடைக்கு இந்தியா கொண்டுபோனதும் உண்டு. 5ஜி தொழில்நுட்பங்களை மதிப்பிட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-ல் வகுத்த விதிகளில், டவர்களுக்கு இடையே 6 கி.மீ. தூரம் இருக்கும் கிராமப்புறச் சூழலும் சேர்க்கப்பட்டது. இந்திய முயற்சியால் வந்த சேர்க்கை அது. அதில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. கிராமம் என்பது ஒரு தனிக் கணக்கு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வாடிக்கையாளருக்குக் காட்டும் வரைபடம்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சராசரி மறைப்பது என்ன?

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு காலத்தில் கால் டிராப்பை ஒரு சேவைப் பகுதி முழுவதற்குமான சராசரியாகப் பார்த்தது. சென்னையும் திருவிடந்தையும் கொடைக்கானலும் ஒரே கூட்டலில் கலந்துவிட்டால், நகரத்து நல்ல மார்க் கிராமத்துத் தோல்வியை மூடிவிடும்.

2017 ஆகஸ்டில் டிராய் இதை மாற்றியது. 90 சதவீத செல்களில், 90 சதவீத நாட்களில், கால் டிராப் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. சராசரியை விட்டுவிட்டு வாய்ப்புக் கணக்குக்கு வந்தது சரியான திருப்பம். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. மிச்சமிருக்கும் 10 சதவீத செல்கள் எவை? மாதாமாதம் அதே ஊர்கள்தான் அந்தப் பத்துக்குள் விழுகின்றன என்றாலும் விதி மீறப்பட்டதாகாது.

2024 விதிமுறைகள் இன்னொரு படி ஏறின. எந்தத் தொழில்நுட்பம் எங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றன. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் வண்ணம் பூசிய வரைபடம் ‘உண்டு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

போனில் தெரியும் கோடுகளும் உதவாது. எத்தனை டெசிபலுக்கு எத்தனை கோடு என்று எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது; போன் தயாரிப்பாளர்கள் அவரவர் முடிவு செய்துகொள்கிறார்கள். தங்கள் போன்கள் பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட 2 கோடு கூடுதலாகக் காட்டியதாக 2010-ல் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

மூன்று எண்கள் போதும்

‘எல்லா ஊருக்கும் 99 சதவீதம் வேண்டும்’ என்று கேட்டால் நிறுவனங்கள் கையை விரிக்கும். 11 மடங்கு டவருக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வி நியாயமானதும்கூட. கேட்க வேண்டியது அதுவல்ல. இருக்கும் எண்ணைச் சொல்லச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று எண்கள்: வீட்டுக்குள் எத்தனை சதவீதம், தெருவில் எத்தனை சதவீதம், கடலோர ஊர் என்றால் கரையிலிருந்து எத்தனை கி.மீ. வரை. திட்டமிடும்போதே நிறுவனங்கள் இதைக் கணக்கிடுகின்றன. சேவை தொடங்கிய பிறகு போன்களிலிருந்து வரும் அளவுகளும் அவர்களிடம் குவிகின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. வெளியே சொல்ல மனசு வேண்டும், சொல்லவைக்க விதி வேண்டும்.

அந்த எண் கையில் இருந்தால் பலருக்கும் பயன். கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கான டிஜிட்டல் பாரத் நிதியை எங்கே செலவிடலாம் என்பது தெரியும். இசிஆர் ஓரம் வீடு எடுத்து வொர்க் ஃப்ரம் ஹோம் பார்க்க நினைப்பவர் முன்பணம் கொடுக்கும் முன்பே யோசிப்பார். “ரெண்டு சிம் வெச்சிருக்கேன், ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு” என்று நம்புகிறவருக்கும் ஒரு தெளிவு கிடைக்கும். இரண்டு நிறுவனங்களின் கருவிகளும் ஒரே டவரில் தொங்கினால் இரண்டுக்கும் ஒரே நிழல்தான். அங்கே பத்தாயிரத்தில் ஒன்று என்ற கணக்கெல்லாம் வேலைக்கு ஆகாது.

மழைக்கு ‘வாய்ப்பு’ என்ற சொல்லை மக்கள் பழகிக்கொண்டார்கள். வானிலை ஆய்வு மையம் அப்படிச் சொல்வதால் அதன் மீது நம்பிக்கை குறைந்துவிடவில்லை. குடை எடுக்கலாமா வேண்டாமா என்று அவரவர் முடிவெடுக்கிறார்கள். விபத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவருக்கும், காற்று மாறும்போது கரைக்குப் போன் போடுகிற மீனவருக்கும் அந்த முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் ஊரின் சதவீதம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.