நீங்கள் கேட்டவை: காவல் பரணுக்கு ‘வாக்கி டாக்கி’ வாங்கலாமா?

“கரியாலூர் பக்கத்தில் 2 ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லையால் நானும் என் மகனும் ஆளுக்கொரு மூலையில் பரண் கட்டி ராத்திரி காவல் இருக்கிறோம். நடுவில் ஒரு மேடு. செல்போன் சிக்னல் கிடையாது. போன மாதம் மகன் இருட்டில் பள்ளத்தில் விழுந்து காலில் அடிபட்டு, விடியும்வரை எனக்குத் தெரியாமலே கிடந்தான். ஆன்லைனில் ‘10 கிலோமீட்டர் பேசலாம்’ என்று வாக்கி டாக்கி விற்கிறார்கள். வாங்கினால் போலீஸ் பிடிக்கும் என்கிறார்கள். எது உண்மை?”

- ஒரு விவசாயி, கரியாலூர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

“தாராளமாக வாங்கலாம். ஆனால், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். வாக்கி டாக்கியில் இரண்டு வகை உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடியது ஒன்று. லைசென்ஸ் கட்டாயமானது மற்றொன்று.

நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு, 2018-ம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. உங்களுக்கு ஏற்றது இதுதான். 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு விலக்கு அலைவரிசையும் உண்டு. ஆனால், அந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். நீளமான ஆன்டெனா இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பவருக்கு அது சரிப்படாது.

‘5 வாட், எந்த அலைவரிசையையும் நீங்களே பொத்தானில் போட்டுக்கொள்ளலாம்’ என்று மலிவாக விற்பவைதான் சிக்கல். அவற்றில் காவல்துறை போன்ற மற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளும் வந்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். ‘எனக்குத் தெரியாது, ஆன்லைனில் விற்றார்கள்’ என்ற பதில் செல்லாது. இப்படிப்பட்ட கருவிகளை அலைவரிசை விவரமோ, லைசென்ஸ் விவரமோ சொல்லாமல் விற்றதற்காக, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வர்த்தக நிறுவனங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. ஆகவே, பெரிய நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது என்பதற்காகவே அது சட்டப்படி சரியான கருவி என்று நம்பிவிடக் கூடாது.

வாங்கும்முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, பெட்டியில் 446.0-446.2 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா? இரண்டு, தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் ‘இ.டி.ஏ’ எனப்படும் கருவி ஒப்புதல் சான்றிதழ் இருக்கிறதா? மூன்று, பில் தருவார்களா? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வாங்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அடுத்து, தூரம். 10 கிலோமீட்டர் என்பது ஒரு மலை உச்சியில் நின்று எதிர் மலை உச்சியில் இருப்பவரோடு பேசினால் வேண்டுமானால் நடக்கும். இந்த அலை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். மரம், செடி கொஞ்சம் குறைக்கும். மண்மேடும் பாறையும் நிறுத்தியே விடும். திறந்த வயலில் 1 முதல் 2 கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. நடுவில் மேடு இருந்தால் சில நூறு மீட்டரிலேயே நின்றுபோகலாம். உங்கள் நிலத்தில் மேடு இருப்பதால், பரணை மேட்டுக்கு மேலே ஏற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், மேட்டின் மேல் பரண் வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு கருவி இருந்தால் போதும். இரண்டு பக்கமும் கேட்டு அவர் செய்தி சொல்லலாம். தெரிந்தவரிடம் ஒரு ஜோடி இரவல் வாங்கி, உங்கள் நிலத்தில் நடந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம்.

முக்கியமான ஒன்று. வாக்கி டாக்கியிலிருந்து 108-ஐ அழைக்க முடியாது. அது இன்னொரு வாக்கி டாக்கியோடு மட்டும்தான் பேசும். எனவே, செல்போன் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வீடோ, உறவினரோ இருந்து, அங்கேயும் அலை எட்டினால், மூன்றாவது கருவியை அங்கே வையுங்கள். பள்ளத்தில் விழுந்தவர் வாக்கி டாக்கியில் சொன்னால், அங்கிருப்பவர் செல்போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்.

மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது என்பதால், தண்ணீர் புகாத கருவியாகப் பாருங்கள். செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும் வகை என்றால் சோலார் விளக்குப் பெட்டியிலிருந்தும் ஏற்றிக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். இல்லையென்றால் முதல் வார்த்தை போய்ச் சேராது. மணிக்கு ஒருமுறை ‘இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை பதில் வரவில்லையென்றால் எழுந்து போய்ப் பாருங்கள். உங்கள் மகன் விஷயத்தில் அன்றைக்கு இந்த ஏற்பாடு இருந்திருந்தால், விடியும்வரை கிடந்திருக்க வேண்டியதில்லை.

‘ரகசியக் குறியீடு உண்டு’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த எண் மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் தடுக்குமே தவிர, உங்கள் பேச்சை மற்றவர் கேட்பதைத் தடுக்காது. பணம், நகை விஷயங்களை இதில் பேச வேண்டாம். நிலம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால், இந்தக் கருவி வைத்திருப்பதை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பில்லின் நகலைப் பரணிலேயே வைத்திருங்கள். ராத்திரி ரோந்து வருபவர்கள் கேட்டால் காட்டலாம்.”

“செல்போனிலேயே வாக்கி டாக்கி செயலி இலவசமாகக் கிடைக்கிறதே, அது போதாதா?”

- ஒரு வாசகி, சின்னசேலம்.

“சிக்னல் இருக்கும் ஊரில் போதும். அந்தச் செயலிகள் பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் பேச்சை அனுப்புகின்றன. சிக்னல் உள்ள இடத்தில் செல்போன் பெரிய உதவிதான். வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும், செல்போன் மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குத் தெரிவித்து வருகிறார்கள். ஆனால், டவர் எட்டாத மலைக்காட்டில் செயலி வேலை செய்யாது. உங்கள் நிலத்தின் நான்கு மூலையிலும் நின்று ஒரு போன் போட்டுப் பாருங்கள். நான்கிலும் பேச முடிந்தால் செலவு மிச்சம். ஒரு மூலையில் விட்டுப்போனாலும், ராத்திரியில் அந்த மூலைக்குத் தனியாகப் போகிறவர் கையில் வாக்கி டாக்கி இருக்கட்டும்.”