மண் மட்டும் பழம் பறிக்காது

வைனைப் பற்றி எழுதுகிறவர்கள் 'தெர்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தேவாரம் மாதிரி ஓதுகிறார்கள். மண், மலைச்சரிவு, வெயில், மழை எல்லாம் சேர்ந்து அந்த இடத்துக்கே உரிய சுவையைக் குடுக்குதாம்.

பொய் எண்டு நாங்கள் சொல்லேல்லை. வடபிரான்சின் ஷம்பேன் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை கிட்டத்தட்ட 11 பாகை செல்சியஸ்தான். அந்தக் குளிரில் திராட்சை மெதுவாகப் பழுக்கும், புளிப்பும் நிற்கும். நுரைக்கிற வைனுக்கு அந்தப் புளிப்பு வேணும். கீழே இருக்கிற சுண்ணாம்புப் பாறை மழைத்தண்ணியைப் பிடிச்சு வைத்து, வறட்சியில் வேருக்குக் குடுக்குது. சரி, இடம் முக்கியம்தான்.

எங்கட சண்டை அதுக்குப் பிறகு வருகிற கதையோடு. 1911இல் வெளியூர்த் திராட்சையில் செய்ததை ஷம்பேன் எண்டு விற்ற வியாபாரிகளின் நிலவறைகளைத் திராட்சைச் செய்கையாளர்கள் உடைத்தார்கள். அரசு படையை அனுப்பியது. அதே வருடம் ஓப் மாவட்டத்துக்காரர், தங்களை எல்லைக்கு வெளியில விட்டதற்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். 1927இல்தான் அவர்களை முழுசாக உள்ளே எடுத்தது சட்டம். இடையில மண்ணா மாறினது?

இண்டைக்கு அந்தப் பேருக்கு ஒரு விதிப்புத்தகமே இருக்கு. கொடியை எப்படி வெட்டுவது, போத்தலை எத்தனை மாதம் வைத்திருப்பது (குறைந்தது 15) எல்லாம் அதில் உண்டு. பழத்தைக் கையாலதான் பறிக்க வேணும் எண்டும் இருக்கு. ஆனால் அந்தக் கை எங்க படுத்துறங்குது? 2023 அறுவடையில், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை மிருகங்களைக்கூட விடமுடியாத கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தது பிடிபட்டது. 2025இல் நீதிமன்றம் அதை ஆட்கடத்தல் எண்டு தீர்த்தது. இந்தச் 'சுவை' எந்தச் சுண்ணாம்பிலிருந்து வந்தது?

வேலை நிலைமையையும் விதிப்புத்தகத்தில் சேர்க்கச் சொல்லி அங்கே தொழிற்சங்கம் கேட்குது. வாசிக்கிற உங்களுக்கு மலையகம் ஞாபகம் வராவிட்டால்தான் அதிசயம். ஊவாத் தேயிலையின் வாசத்துக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றுதான் காரணம் எண்டு பெருமையாகச் சொல்லுவார்கள். அதுவும் உண்மை. ஆனால் கொழுந்து பறிக்கிறவைக்கு நாளுக்கு 1000 ரூபா கிடைக்க 2021 வரை போராட வேண்டியிருந்ததைக் காற்றில விட்டிடுவார்கள்.

பெட்டியில சிங்கச் சின்னம் குத்த, தேயிலை முழுக்க இலங்கையில் விளைந்து, இங்கேயே பொதி செய்யப்பட்டிருக்க வேணும். பறிச்சவவின்ர லயத்துக் கூரை ஒழுகுதா எண்டு அந்த விதி கேட்காது.