குளியலறை வாசலில் படி எதற்கு?

பழைய குளியலறையை இடித்துக் கட்டுகிறோம். வாசலில் 4 அங்குலப் படி வைக்காவிட்டால் தண்ணீர் வெளியே வரும் என்கிறார் மேஸ்திரி. வேண்டாம் என்றுவிட்டேன்.

வீட்டில் அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். ஈரக்காலோடு அதைத் தூக்கிப் படி தாண்ட வேண்டுமா?

தண்ணீரை நிறுத்துவது வாட்டம்தான் நண்பர்களே. அடிக்குக் கால் அங்குலம் சரிவு, வடிகால் வாசலுக்கு எதிர்ச்சுவர் ஓரம். 6 அடி அறைக்கு ஒன்றரை அங்குலம்தான் ஆகும். பழைய தளத்தைக் கொத்தும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டியபின் யார் கேட்பார்கள்? ஒட்டுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பளபள டைல்ஸ் கடையில்தான் அழகு, சொரசொரப்பானதே வாங்குங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை நம்மால் தள்ள முடியாது.

கண்ணாடித் தடுப்பும் வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி போடலாம்.