பசிக்க விடுங்கள், ஓட விடுங்கள்!

இன்று பல வீடுகளில் மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்ட மூன்று விஷயங்கள் தேவைப்படுகின்றன. ஒரு கிண்ணம், ஒரு செல்போன், ஒரு மணி நேரம்! "அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினார்கள், இப்போது செல்போனைக் காட்டுகிறோம், அவ்வளவுதானே?" என்று சிலர் கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. நிலா பார்க்கும் குழந்தை பேசும், கை நீட்டும், போதும் என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும். திரையைப் பார்க்கும் குழந்தைக்கு என்ன சாப்பிடுகிறது, வயிறு நிறைந்ததா என்பதே தெரிவதில்லை. வாய் மட்டும் தானாகத் திறக்கிறது.

ஏன் சாப்பிட மறுக்கிறது?

பெரும்பாலும் காரணம் எளிது. பசி இல்லை. காலையில் ஒரு டம்ளர் பால், பத்து மணிக்கு பிஸ்கட், பதினொன்றுக்கு மறுபடியும் பால்... மதியச் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? பால் நல்ல உணவுதான். ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே வயிற்றை நிரப்பிவிட்டால் கீரை, பருப்பு, முட்டை எல்லாம் வெளியே நின்றுவிடும்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16ல் 50.7 சதவீதம். 2019-21ல் 57.4 சதவீதம். பாதிக்கும் மேல் என்றால், இது ஏழை வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல.

இதற்கு டப்பாவில் வரும் சத்துபானம் தீர்வாகுமா? அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம். இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகமே சொன்னது. அதைவிட கேழ்வரகுக் கூழும், சுண்டலும், வேர்க்கடலை உருண்டையும் மேல். பருப்பு, கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

விளையாட்டு எங்கே போனது?

ஓடினால்தான் பசிக்கும். 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும், திரை 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. ஆனால் பல எல்.கே.ஜி. வகுப்புகளில் பென்சில் பிடிக்கும் நேரம்தான் அதிகம். விளையாட இடமே இல்லாத மாடிக் கட்டிடங்களில்கூட மழலையர் பள்ளிகள் நடக்கின்றன.

பெற்றோரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தெருவில் வண்டிகள், வாசலில் நாய், வீட்டில் இருவருக்கும் வேலை. ஆனாலும் மாலையில் அரை மணி நேரம் மொட்டை மாடி போதும். குலை குலையா முந்திரிக்காவுக்கும் கண்ணாமூச்சிக்கும் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சரி.

1975ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டமும் இந்த வயதுக் குழந்தைகளையும் நினைத்துத்தான் வந்தன. சத்துமாவு, முட்டை, பாட்டு, விளையாட்டு... அங்கன்வாடியின் பாடத்திட்டம் இவ்வளவுதான். அதை "வெறும் பால்வாடி" என்று ஒதுக்கிவிட்டு, பணம் கட்டிச் சேர்க்கும் பள்ளிக்குச் சிப்ஸ் டப்பாவோடு அனுப்புவது என்ன கணக்கு?

யார் எதை முடிவு செய்வது?

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஓர் எளிய பாகப்பிரிவினை சொன்னார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழ்! என்ன வேண்டும் என்று குழந்தை அடம்பிடிக்கிறது, எவ்வளவு என்று அம்மா கணக்குப் பார்க்கிறார்.

ஒரு நாள் கீரையைத் துப்பினால் "அவனுக்குக் கீரை பிடிக்காது" என்று முத்திரை குத்த வேண்டாம். புதிய சுவை பழக, பத்து முறைக்கு மேல்கூட ஆகலாம். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. எடை ஏறாமலோ எப்போதும் சோர்வாகவோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி இன்று ராத்திரி செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். குழந்தைக்கும் ஒரு தட்டு வையுங்கள். கொஞ்சம் சிந்தும், துடைத்துக்கொள்ளலாம்!