ராமர் காசுப் புரட்டு

ஆரணியில் தறியில் உட்காரும் ஒரு தோழரிடம் பட்டுச் சேலையைக் கொடுத்துப் பாருங்கள். சரிகையைக் கல்லில் உரைப்பார். வெள்ளையாய்த் தெரிந்தால் வெள்ளி, சிவப்பாய்த் தெரிந்தால் செம்பு என்று அப்பொழுதே சொல்லிவிடுவார். எந்த ஜோசியனையும் கேட்கமாட்டார். அதே தோழரிடம் ஒருவன் பச்சை பூத்த செம்புக் காசை நீட்டி, "இது 1616-ம் வருஷத்துக் கம்பெனி அரையணா, ராமர் பட்டாபிஷேகம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், அமெரிக்க நாசா கோடி ரூபாய்க்கு வாங்கும்" என்று சொன்னால், உரைகல் மூலைக்குப் போய்விடுகிறது, கை கன்னத்துக்குப் போய்விடுகிறது! இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

1616-ல் கம்பெனிக்காரன் இங்கே வெறும் வியாபாரி. அவனுக்குச் சென்னையில் நிலம் கிடைத்ததே 1639-ல்தான். இந்தியாவுக்கெல்லாம் ஒரே மாதிரி நாணயம் என்ற சட்டம் வந்தது 1835-ல். அந்த வருஷத்து அரையணாவில் ஒரு புறம் கம்பெனி முத்திரை, மறுபுறம் இலை வளையம். எடை சுமார் 13 கிராம். ராமரும் இல்லை, அனுமாரும் இல்லை. சென்னையில் கம்பெனியார் தங்க வராகனில் சாமி உருவம் போட்டது உண்மைதான். அது பக்தியால் அல்ல. கடைத்தெருவில் காசு செல்லுபடியாக வேண்டுமே என்பதால்!

நிற்க, அந்தப் பச்சையைப் பார்ப்போம். செம்பில் களிம்பு கூடவே பிறந்தது, உயிரில் ஆணவ மலமும் அப்படித்தான் என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்லுவார்கள். சுத்தப் பொய். புதுச் செம்பில் களிம்பு ஏது? காற்றும் ஈரமும் பட்டுப் பட்டு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், வெகுநாள் சென்று பச்சையாகும். பழைய காசின் அசல் நிறம் மெல்லியது, கெட்டியானது; நகத்துக்கு வராது. தேய்ந்த மேடுகளில் ஒரு சாயல், எழுத்தின் பள்ளங்களில் வேறு சாயல் இருக்கும். காடியும் உப்பும் நவச்சாரமும் தடவினால் சில நாளில் பச்சை தயார். கந்தகத்தால் கறுப்பு தயார். இது எங்கும் ஒரே சீராய் அப்பியிருக்கும், வெந்நீரில் துணி போட்டுத் தேய்த்தால் துணியில் வந்துவிடும். உதிர்வதெல்லாம் போலி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது: உப்பு ஏறிய அசல் காசிலும் வெளிர்பச்சைப் பொடி உதிரும், அது காசை அரிக்கும் நோய். ஆகவே நிறத்தோடு எடையையும் விளிம்பையும் பார்க்க வேண்டும். வார்த்த காசானால் விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும். நம் வீட்டுப் பெரியவர்களோ, அசல் காசு கிடைத்தால் வெள்ளிக்கிழமை புளி போட்டுத் துலக்கிப் பூஜையில் வைத்து, அதற்கிருந்த விலையையும் கெடுத்துவிடுகிறார்கள்.

அரிசி இழுப்பது எப்படி? காசுக்குள் காந்தம், அரிசியின்மேல் இரும்புத் தூள். இதற்கு மந்திரம் வேண்டாம். இடி விழுந்த செம்பு இரிடியமாகிவிடும் என்பதும் புளுகே. இடியால் செம்பு உருகலாம், வேறு உலோகம் ஆகாது. இந்தப் புளுகை நம்பித்தான் கோபுரக் கலசங்களையே திருடினார்கள். ஊரைக் காக்கும் சாமி தன் தலைமேலிருந்த செம்பைக் காக்கவில்லை!

போகிறவன் பணமோ, பாவு வாங்க வைத்திருந்த பணம், பெண்ணின் நகையை அடகு வைத்த பணம். வெளியே சொன்னால் போலீசு பிடிக்கும் என்று ஏய்ப்பவனே பயமுறுத்தி வாயை அடைத்துவிடுகிறான்.

ஆகையால் தோழர்களே, அடுத்த முறை ஒருவன் ராமர் காசோடு வந்தால் கோபிக்க வேண்டாம், உட்காரச் சொல்லுங்கள். அவன் கொண்டுவந்த அரிசியைத் தள்ளிவிட்டு உங்கள் வீட்டுப் பானை அரிசியில் ஒரு பிடி அள்ளி அவன் எதிரே வையுங்கள். இழுக்கட்டும் பார்ப்போம்.