குழாய்க் கசிவுக்கு ஊர்மக்களா காவல்?

கச்சா எண்ணெயைத் தரைவழியே கொண்டுபோகக் குழாய்தான் சிக்கனம். டேங்கர் லாரியைவிட ஆபத்தும் குறைவு. 1960-களின் தொடக்கத்தில் அசாமின் நகர்கட்டியாவிலிருந்து பீகாரின் பரௌனிவரை 1,157 கி.மீ. குழாய் பதித்த காலத்திலிருந்தே நாடு கண்ட உண்மை இது. குழாயே கூடாது என்பதல்ல வழக்கு. அது ஓட்டையானால் முதலில் யாருக்குத் தெரிகிறது?

2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயிலிருந்து வயலில் எண்ணெய் பரவியது. ஆட்சியர் நேரில் வரவேண்டும் என்று திரண்ட மக்கள்மீது தடியடி நடந்தது. பேராசிரியர் த.செயராமன் உள்ளிட்ட 10 பேர் கைதானார்கள். கசிவுக்குப் பொறுப்பு யார் என்று முடிவாகும் முன்பே, கேள்வி கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரி. கரையோரம் சிபிசிஎல் (சென்னை பெட்ரோலிய நிறுவனம்) குழாயில் கசிந்த எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல் போராடினார்கள். அடைத்தால் போதாது, குழாயையே எடுங்கள் என்றார்கள்.

கச்சா எண்ணெய் கிணற்றிலிருந்து தனியாக வருவதில்லை. உப்புநீர், கரியமில வாயு, சில இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் கூடவே வரும். நீர் அடியில் தங்கி இரும்பை உள்ளிருந்து அரிக்கும். வெளிப்புறத்தை ஈரமண் அரிக்கும். குழாய்க்குள் ‘பிக்’ என்ற கருவியை ஓட்டிச் சுவரின் கனத்தை அளக்கலாம். கிணறுகளிலிருந்து வரும் பழைய, குறுகிய குழாய்கள் பலவற்றில் அது நுழையாது. சிறு கசிவு அழுத்தமானியிலும் தெரியாது.

பெரிய கசிவும் தப்பியிருக்கிறது. 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. அபாய மணி அடித்தும் கட்டுப்பாட்டு அறைக்கு 17 மணி நேரம் விளங்கவில்லை. கலமசூ ஆற்றுப்பகுதியில் 30 லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டியது. கடைசியில் தகவல் சொன்னது வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர்.

குழாய் பதிப்பதற்கான நம் சட்டமோ 1962-ஐச் சேர்ந்தது. குழாய் போகும் நிலத்துக்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி இழப்பீடு. பிறகு அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது. செஞ்சிப் பக்கம் அவலூர்பேட்டையில் கிணற்றை நம்பி வெள்ளாமை செய்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்!

நிலத்துக்காரருக்கு இத்தனை விதி உண்டு. தன் வயலுக்கடியில் ஓடும் குழாய்க்கு எத்தனை வயது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் ஏற்பாடு இல்லை.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றைத் தொடவில்லை. அந்த விடுபட்ட இடத்தை அரசு நிரப்ப வேண்டும். குழாயின் வயது, சோதனை நாள், முடிவு ஆகியவற்றை ஆண்டுதோறும் கிராம சபையில் வைக்கச் செய்ய வேண்டும். கசிந்தால் மண்ணையும் கிணற்று நீரையும் நிறுவனத்தைச் சாராத ஆய்வகம் சோதிக்கட்டும்.