கறுப்பாக இருந்தாலும்...

வாரப் பத்திரிகைக் கதைகளில் கதாநாயகி முதல்முறையாக வாசற்படி தாண்டி வரும்போது கூடவே ஒரு வாக்கியமும் வருவது வழக்கம்: 'கறுப்பாக இருந்தாலும் களையான முகம்.' கறுப்பு, களை இரண்டும் குற்றமில்லாத சொற்கள். விஷமம் நடுவில் உட்கார்ந்திருக்கும் 'இருந்தாலும்' என்பதில்தான். கறுப்பென்றால் களை இருக்காது என்பது வாசகருக்கும் சம்மதமே என்று எழுதுபவர் தாமாக முடிவு செய்துவிடுகிறார். 'கறுப்பு நிறம், களையான முகம்' என்று எழுதியிருந்தால் பெண் அதே பெண்தான். பார்க்கிற கண் மாறியிருக்கும்.

அடைமொழிகள் பங்கிடப்படும் விதமும் இப்படித்தான். கதாநாயகனுக்குப் படிப்பு, உத்தியோகம், சம்பளம். கதாநாயகிக்குப் புருவத்தில் தொடங்கி இடுப்பு வரை அரைப் பக்கம். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு 'கிழவி' என்ற ஒற்றைச் சொல், பெயர்கூடக் கிடையாது.

காலிலிருந்து தலைவரை வரிசையாக வர்ணிக்கும் பாதாதிகேசம் தமிழுக்குப் பழையது. தெய்வத்துக்கு அது பொருந்தும்; சந்நிதியில் அசையாமல் நிற்கிற உருவம். கதையில் வருகிறவர்கள் நடக்க வேண்டியவர்கள். முதல் பக்கத்தில் அவ்வளவு பாடுபட்டுச் சொன்ன கூர்மையான மூக்கு பிறகு கதையில் எங்கும் தலைகாட்டுவதில்லை.

புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை ஆரம்பிப்பது மூக்கில் அல்ல, சில்லறையில். சென்னை பிராட்வே முனையில் நின்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் மிஞ்சுவதில் வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றினால் அரை கப் காப்பி. இதற்குப் பிறகு அவரைச் 'சிக்கனக்காரர்', 'சாமர்த்தியசாலி' என்றெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக அடைமொழியே ஆகாது என்று விரதம் இருப்பதும் அசட்டுத்தனம். 1897இல் தொடராக வரத் தொடங்கிய ஒரிய நாவல் ஃபகீர் மோகன் சேனாபதியின் 'ச மாண ஆட குண்ட'. அதில் ஜமீன்தார் ராமச்சந்திர மங்கராஜ் அறிமுகமாவது முழுக்க முழுக்கப் புகழ்ச்சியில். மகா பக்திமான், ஏகாதசி தவறாமல் உபவாசம், தண்ணீரும் துளசியும்தான் ஆகாரம். இத்தனையும் சொல்லிவிட்டு, ஏகாதசி இரவுகளில் எஜமானின் படுக்கையறையில் ஒரு பெரிய பானை பாலும் வாழைப்பழமும் வைக்கப்படுவதாக அவருடைய நாவிதன் வாய்தவறி உளறியதையும் சேனாபதி போகிற போக்கில் சேர்க்கிறார். விடிந்ததும் காலிப் பானையைக் கழுவி வைப்பதும் அந்த நாவிதன்தான்.

மங்கராஜைப் 'பேராசைக்காரன்' என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் வாசகர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பார். 'பக்திமான்' என்றதால் பானையை எட்டிப் பார்க்கிறார். பின்னால் பகியா, சாரியா என்ற நெசவாளர் தம்பதியின் ஆறு ஏக்கர் சொச்ச நிலத்தை அதே பக்திமான் விழுங்கும்போது, ஆளை முன்பே தெரியும் என்ற உணர்வு வந்துவிடுகிறது. நாவலின் தலைப்பே அந்த நிலத்தின் அளவுதான்.

இன்று எழுத வருகிறவர்களிடம் நிறம் சொல்லாதே என்று தடை போடத் தேவையில்லை. பெண் பார்க்கும் படலத்தில் நிறத்துக்காக ஒருத்தி நிராகரிக்கப்படுகிறாளென்றால் அங்கே நிறம்தான் கதை. அதைக்கூட மாமியாராக வரப்போகிறவளின் வாயில் வைக்கலாம். அந்த 'இருந்தாலும்' அவளுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். காரணமே இல்லாமல் 'மாநிறம், ஒல்லியான உடல்வாகு' என்று எழுதுவதுதான் விசித்திரம். மணமகள் தேவை விளம்பரம் கொடுப்பவர் வரிக்கு வரி காசு கட்டுகிறார். அவர் சுருக்கமாக முடிப்பதற்காவது நியாயம் இருக்கிறது.